அமாவாசை தவறாமல் வந்தவன்

துரைக்கண்ணு முதலில் முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தான்.

மூன்று வருஷம் கழித்து ஒரு சிநேகிதனை ரயிலடியில் பார்க்கிறவன், அதுவும் செத்துப் பிழைத்து வந்த சிநேகிதனைப் பார்க்கிறவன், ஓடி வந்து கட்டிப்பிடிக்க வேண்டாமா, நாலு சொட்டுக் கண்ணீராவது விட வேண்டாமா? அவனோ பத்தடி தள்ளி, திருத்தணி என்று எழுதிய பலகைக்கு அடியில் நின்றுகொண்டு, ஆதிகேசவனுடைய செருப்பில்லாத பாதங்கள் மண்ணில் பதிகின்றனவா என்று சோதிப்பவன் மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தான். பார்த்து முடித்து, ஒரு பெருமூச்சு விட்டு, அப்புறம்தான் கிட்டே வந்தான். அவன் சட்டையில் சாம்பிராணிப் புகை வாசனை ஏறிப் போயிருந்தது.

"வந்துட்டியா," என்றான். "இன்னாடா இப்டி எளச்சிப் பூட்டே."

ஆதிகேசவன்தான் கட்டிப்பிடித்துக்கொண்டான். அழுதவனும் அவன்தான். துரைக்கண்ணுவின் கைகள் பக்கவாட்டில் தொங்கியபடியே இருந்தன.

இருவரும் பொதட்டூர்பேட்டையில் ஒரே தெருவில் பக்கத்துப் பக்கத்துத் தறியில் பிறந்து வளர்ந்தவர்கள். ஒரே கப்பலில் ரங்கூன் போனார்கள், ஒரே ஜவுளிக் கிடங்கில் மூட்டை கட்டினார்கள். ஜப்பான்காரன் குண்டு போட்டபோது ஒரே கூட்டத்தோடு நடந்தே ஊருக்குக் கிளம்பினார்கள். மணிப்பூர்ப் பக்கத்து மலைப்பாதையில் ஆதிகேசவனுக்குப் பேதி கண்டது. ஒரு மரத்தடியில் அவனைப் படுக்க வைத்துவிட்டு, "தோ தண்ணி கொண்டாறேன்," என்று குவளையோடு போன துரைக்கண்ணு திரும்பி வரவில்லை. ஆயிரக்கணக்கான ஜனம் நடந்த பாதை, சிப்பாய்கள் விரட்டியிருப்பார்கள், கூட்டம் தள்ளிக்கொண்டு போயிருக்கும், பாவம் அவன்தான் என்ன செய்வான் என்று ஆதிகேசவனே அவனுக்காகச் சமாதானம் சொல்லிச் சொல்லி மூன்று வருஷத்தை ஓட்டிவிட்டான். மலைச் சாதிக்காரி ஒருத்தி தண்ணீர் விட்டாள், முகாம் டாக்டர் ஒருவர் பிழைக்க வைத்தார், காலில் புண் வைத்து ஒரு வருஷம் எழுந்திருக்க முடியவில்லை. அப்புறம் அசாமில் ஒரு தேயிலைத் தோட்டத்துக் கிடங்கில் வேலை. ரயிலெல்லாம் பட்டாளத்துக்காரர்களுக்கே போதவில்லை என்று ஊருக்கு வர வழியில்லாமல் கிடந்தான்.

அவன் பெண்சாதி சுலோச்சனாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. துரைக்கண்ணு பிழைத்து வந்து திருத்தணியில் ஒரு நூல் கிடங்கில் வேலை பார்க்கிறான் என்று யாரோ சொல்ல, கடுதாசியை எல்லாம் அவன் பெயருக்கே போட்டான். ஐந்து கடுதாசிக்குப் பதிலே இல்லை. ஆறாவதுக்கு வந்தது. தை அமாவாசை அன்று காலை வண்டியில் வந்து இறங்கு, அதற்கு முன்னால் வராதே, சுலோச்சனாவிடம் நான் சொல்லி வைக்கிறேன் என்று நாலே வரி.

அந்த நாலு வரியை மடித்து மடித்து, மடிப்பே கிழிந்து போயிருந்தது.

ரயிலடிக்கு எதிரே இருந்த கிளப்பில் இட்லி வாங்கிக் கொடுத்தான் துரைக்கண்ணு. சர்க்கரைக்குக் கட்டுப்பாடு, காப்பியில் வெல்லம் போட்டிருந்தார்கள். தனக்கு என்று ஒன்றும் வாங்கிக்கொள்ளாமல், எதிரே உட்கார்ந்து, ஆதிகேசவனுடைய தொண்டைக்குழி ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீ சாப்புடலையா?"

"எனுக்கு வேணாம். நீ சாப்புடு. நல்லா சாப்புடுறியே." ஏதோ அதிசயத்தைக் கண்டவன் மாதிரிச் சொன்னான்.

"சுலோச்சனா எப்டி கீறா? சொன்னியா நான் வர்றேன்னு?"

"ஆங், எல்லாம் தெரியும்."

"அழுதாளா?"

துரைக்கண்ணு எழுந்து கை கழுவப் போனான். சாப்பிடாத கையை எதற்குக் கழுவுகிறான் என்று ஆதிகேசவனுக்குத் தோன்றியது. அவனுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். பேட்டைக்குப் போகிற முதல் பஸ். வீட்டு வாசலில் நின்று அவளை ஒரு குரல் கூப்பிட வேண்டும். மற்றதெல்லாம் எப்படிப் போனால் என்ன?

பஸ் நிற்கும் இடத்தில் ஒரு கரி வண்டி புகைந்துகொண்டிருந்தது. பெட்ரோல் கிடைக்காத காலம். வண்டிக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு ஒரு பீப்பாயைக் கட்டி, அதில் கரியை எரித்து, அந்த வாயுவில்தான் பஸ்ஸை ஓட்டினார்கள். டிரைவர் ஷரீப் பாய் முகமெல்லாம் கரியாக, பீப்பாயின் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"பேட்டைக்குத்தானே? ஏறுங்க, ஒரு எடம் கீது," என்றார் ஆதிகேசவனைப் பார்த்து. பிறகு கண்ணைச் சுருக்கிக்கொண்டு சிரித்தார். "அட, நீங்களா. நேத்து நான் கை தூக்கினேன், நீங்க சிரிச்சிகினே நின்னீங்களே?"

"என்னையா? நான் இப்பதான் வண்டிய விட்டு எறங்கறேன் பாய்."

"தோ," என்று துரைக்கண்ணுவைக் காட்டினார். "இவரு ஊட்டு ஜன்னலாண்ட. வெளக்கு வைக்கிற நேரம். நீங்கதான், இதே மூக்கு, இதே தாடை. ஆனா மொட்டையா இருந்தீங்க." அவர் ஆதிகேசவனின் அடர்ந்த தலைமுடியையும் மீசையையும் பார்த்தார். சிரிப்பு நின்றது. "ஒரே ராத்திரில இம்மாம் முடி மொளைக்காது. வேற யாரோ போல."

"இவரு வரலை பாய், நீங்க எடுங்க வண்டிய," என்றான் துரைக்கண்ணு. குரலில் ஒரு அவசரம்.

வண்டி இருமிக்கொண்டே கிளம்பிவிட்டது. ஆதிகேசவன் புழுதிக்கு நடுவில் வாய் பிளந்து நின்றான். இந்த வண்டியை விட்டால் சாயங்காலம்தான். என்னடா விளையாட்டு இது?

"சுலோச்சனா பேட்டைல இல்லடா," என்றான் துரைக்கண்ணு தரையைப் பார்த்து. "இங்கதான் கீறா. எங்க ஊட்டுல."

"உங்க ஊட்லயா? உன் பொண்டாட்டி மணியம்மை கூடயா?"

"மணியம்மை கொழந்தைங்கள இட்டுகினு அரக்கோணம் போயிட்டா. அம்மா வீட்டுக்கு. ஆறு மாசம் ஆவுது."

"ஏன்?"

"இருக்க முடியலையாம்." அவன் நடக்க ஆரம்பித்தான். "வா, போலாம். ஆனா மொதல்ல முடி. நீ உசுரோட திரும்பினா உன் தலைய மொட்டை போடுறேன்னு உனுக்காக முருகன் கிட்ட வேண்டிகினேன். அத முடிக்காம அவ மூஞ்சில முழிக்காதே."

தணிகை மலை அடிவாரத்தில் நின்றுகொண்டு வேண்டுதலை மாட்டேன் என்று எவன் சொல்வான்? அதுவும் தனக்காகச் சிநேகிதன் வேண்டிக்கொண்டதை. ஷரீப் பாய் சொன்னது மனசில் முள்ளாக ஒரு மூலையில் கிடந்தாலும், பாவி, இவன் என்னை மறக்கவில்லையே என்று ஆதிகேசவன் உருகிப் போனான்.

குளத்தங்கரைக் கல்லில் உட்கார வைத்து நாவிதர் தலையை நனைத்தார். கத்தி சரசரவென்று இறங்கியது. முடி கற்றை கற்றையாக மடியில் விழுந்தது. தலை முடிந்ததும் அவர் கத்தியைத் துடைத்தார். துரைக்கண்ணு, "மீசையும்," என்றான்.

"வேண்டுதலுக்கு மீசை எதுக்குங்க? அது வேற காரியத்துக்கு இல்ல எடுப்பாங்க?"

"எடுங்கன்னா எடுங்க."

நாவிதர் ஒரு கணம் தயங்கினார். எடுத்தார். காற்று பட்டதும் ஆதிகேசவனுடைய மேலுதடு கூசியது. கண்ணாடியை நீட்டினார் அவர். அதில் தெரிந்த மொட்டைத் தலையைப் பார்த்ததும் ஷரீப் பாயின் பேச்சு திரும்ப ஞாபகம் வந்தது. கண்ணாடியைச் சட்டென்று கவிழ்த்துக் கொடுத்துவிட்டான்.

தை அமாவாசை என்பதால் குளத்தில் கூட்டம். இறந்தவர்களுக்கு எள்ளும் தண்ணீரும் இறைப்பவர்கள் படிக்கட்டெல்லாம் உட்கார்ந்திருந்தார்கள். எள், ஈரத் துணி, நசுங்கிய தர்ப்பை, பாசி எல்லாம் சேர்ந்து ஒரு கனத்த வாசனை. புரோகிதர்கள் சொல்லச் சொல்ல ஜனங்கள் தங்கள் செத்துப்போனவர்களின் பெயர்களை முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். ஆதிகேசவன் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி மூன்று முழுக்குப் போட்டான். மூன்றாவது முழுக்கிலிருந்து தலையைத் தூக்கியபோது காதிலிருந்த தண்ணீர் வழிந்து, பக்கத்துப் படியிலிருந்து ஒரு பேச்சு தெளிவாகக் கேட்டது.

"யாருக்குப்பா? பேரு?"

"ஆதிகேசவன்," என்றது துரைக்கண்ணுவின் குரல். "என் சிநேகிதன். பர்மா வழியில தவறிட்டான்."

காலையிலிருந்து அவன் அந்தப் பெயரை வாயால் சொன்னது அப்போதுதான்.

ஆதிகேசவன் நின்ற இடத்திலேயே நின்றான். புரோகிதர் அவன் பெயரை மூன்று தடவை சொன்னார். மூன்று தடவையும் துரைக்கண்ணுவின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலிருந்து எள்ளும் தண்ணீரும் ஒழுகி, ஆதிகேசவன் நின்றிருந்த தண்ணீரிலேயே கலந்தது. கத்த வேண்டும் போலிருந்தது. அவ்வளவு ஜனத்துக்கு முன்னால் என்னவென்று கத்துவது? நான் சாகவில்லை என்றா?

கரையேறினான். துரைக்கண்ணு புது வேட்டியை நீட்டினான். கஞ்சி மொடமொடப்பு போகாத வெள்ளை வேட்டி. வாங்கி விரித்த விரல்கள் ஓரத்தைத் தேடின. கரை இல்லை. தறிக்காரனுக்குத் தெரியாதா? கரையே போடாமல் நெய்கிற துணி எதற்கு என்று பேட்டையில் பச்சைக் குழந்தை கூடச் சொல்லும். பிணத்தின் மேல் போர்த்துகிற கோடி அது.

"யுத்த காலம்டா," என்றான் துரைக்கண்ணு, கேட்காமலே. "சாயம் கெடைக்கல. இதான் கெடச்சுது."

ஆதிகேசவனுடைய பழைய வேட்டி ஈரமாகப் படியில் கிடந்தது. அதை அவன் எடுப்பதற்குள் துரைக்கண்ணு காலால் குளத்துக்குள் தள்ளிவிட்டான்.

மலைப்படியில் பாதி தூரம் ஏறிய பிறகுதான் ஆதிகேசவன் அவன் சட்டையைப் பிடித்தான். வெயில் மண்டையில் இறங்கியது. புதிதாக மழித்த தலையில் பூசிய சந்தனம் காய்ந்து இழுத்தது. மேலே எங்கோ மணி அடித்தது.

"சொல்லுடா. எனக்கு ஏன்டா எள்ளு எறைச்சே?"

துரைக்கண்ணு படியில் உட்கார்ந்துவிட்டான். முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான். துண்டுக்குள்ளிருந்தே பேசினான்.

"தண்ணி எடுத்துகினு வந்தேன்டா. தூரத்துல நின்னு பாத்தேன். நீ வாந்தி எடுத்துகினு இருந்தே. எனுக்கும் ஒட்டிக்கும்னு பயம். குவளைய அங்கயே வெச்சிட்டு நடந்துட்டேன்."

ஆதிகேசவன் பிடித்திருந்த சட்டையை விட்டான். மூன்று வருஷமாக இவனுக்காக எத்தனை சமாதானம் சொல்லியிருப்பான்! கூட்டம் தள்ளியது, சிப்பாய் விரட்டினான் என்று. தண்ணீர் வந்திருக்கிறது. கண்ணுக்கு எட்டும் தூரத்தில் வந்து நின்றிருக்கிறது.

"ஊருக்கு வந்து இன்னான்னு சொல்றது? உசுரோட உட்டுட்டு வந்தேன்னா சொல்றது? நீ செத்துட்டே, நானே கொள்ளி வெச்சேன்னு சொன்னேன். பொணம் இல்லாததால தர்ப்பையில ஆள் மாதிரி கட்டி, உன் பேரச் சொல்லிக் கொளுத்தினாங்க. கருமாதி பண்ணாங்க. அவ தனியா கெடந்தா, எங்க ஊட்டுக்கே இட்டாந்துட்டேன். சுலோச்சனா அமாவாசைக்கு அமாவாசை உனுக்குப் புடிச்சத சமைச்சு, அறையில படைச்சு, கதவ சாத்திட்டு வெளிய ஒக்காந்துக்குவா. எல்லா வீட்லயும் செய்யறதுதானே? படைப்போம், சாத்துவோம், அப்பால தொறந்து நாமளே எடுத்துச் சாப்புடுவோம். சோறு வெச்சது வெச்சபடி இருக்கும்."

"அதுக்கு?"

"இருக்கலைடா. எல காலியா இருந்துச்சு."

ஆதிகேசவன் சிரிக்கப் பார்த்தான். எலி என்றான். பூனை என்றான். துரைக்கண்ணு துண்டை இறக்கினான். கண்கள் சிவந்திருந்தன.

"நாங்களும் நீதான் வந்தேன்னு நெனச்சோம். அவ சந்தோசப்பட்டா. மூணாம் அமாவாசைக்கு உள்ளேருந்து உன் கொரல் வந்துச்சு. கொழம்புல உப்பு கம்மின்னு. அப்பால அது பூடறதே இல்ல. அமாவாசைக்கு சாப்புடும், மத்த நாளெல்லாம் உள்ள நடந்துகினு இருக்கும். அவ கதவாண்டயே படுத்துகினு பேசுவா. அப்பதான் அசாம்லேருந்து உன் மொதக் கடுதாசி வந்துச்சு." அவன் குரல் கீழே போனது. "நீ உசுரோட கீறே. அப்போ வந்து சாப்புடறது யாரு?"

உச்சி வெயிலில் ஆதிகேசவனுக்குக் குளிர்ந்தது.

ஓங்கி அறைந்தான். துரைக்கண்ணு கன்னத்தைத் தடவக்கூட இல்லை, இன்னொரு அறையை எதிர்பார்ப்பவன் போல உட்கார்ந்திருந்தான். அப்படியே திரும்பி ரயிலடிக்கு நடந்துவிடலாம் என்று ஆதிகேசவனுக்குத் தோன்றியது. ஆனால் அந்த வீட்டில் சுலோச்சனா இருக்கிறாள். எதனோடோ தனியாக இருக்கிறாள்.

"அவளுக்கு என் கடுதாசியப் படிச்சுக் காமிச்சியா?"

"எல்லாம் தெரியும்டா அவளுக்கு. நீ வந்துதான் அவளக் காப்பாத்தணும். மந்திரிக்கிறவரு வழி சொல்லியிருக்காரு. செத்தவனுக்குன்னு வெச்ச சோத்த உசுரோட இருக்கறவனே வந்து தின்னுட்டா, அது வந்து ஒக்காந்த எடம் பொய்யின்னு ஆயிடும், பூடும். இன்னிக்கு அமாவாசை. நீ உள்ள போ. நான்தான் ஆதிகேசவன், இது எனக்கு வெச்ச சோறுன்னு சொல்லு. ஒரு கவளம் சாப்புடு. அவ்ளதான்."

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. என் சோறு, என் பெயர், என் பெண்டாட்டி. இதை நான் கேட்காமல் வேறு யார் கேட்பது? ஆதிகேசவன் தலையாட்டினான்.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீட்டுக்கு வந்தார்கள். மலையின் நிழல் விழுந்து அந்தச் சந்தில் மட்டும் முன்னதாகவே இருட்டிவிட்டிருந்தது. அக்கம்பக்கத்து வீடுகள் சாத்திக் கிடந்தன. சந்து முழுக்க ஒரு நாய் இல்லை, ஒரு காக்கை இல்லை. கதவைத் தள்ளியதும் சாம்பிராணிப் புகை. அதற்கு அடியில், மூடி வைத்த பானையைத் திறந்தால் வருமே, அப்படி ஒரு ஈர வாசனை. நடுவில், புகைக்கும் வாசனைக்கும் ஊடே, கத்திரிக்காயும் காராமணியும் போட்டு வைத்த குழம்பின் மணம். அசாம் மழையில் ஜுரத்தோடு கிடந்த ராத்திரிகளில் எந்தக் குழம்புக்கு ஏங்கினானோ அதே குழம்பு. ஆதிகேசவனுக்குக் கண் கலங்கியது.

"சுலோச்சனா எங்க?"

"கொல்லையில கால் கழுவறா. இப்போ பேசாதே. மொதல்ல அத முடி."

அறைக் கதவு ஒருக்களித்திருந்தது. வெளித் தாழ்ப்பாள் புதிது, எண்ணெய் போட்டிருந்தார்கள். உள்ளே ஒரே ஒரு அகல். ஒரு மணை, அதற்கு முன்னால் தலைவாழை இலை. சோறு ஆவி பறந்தது. வடை, பாயசம், ஓரத்தில் ஒரு வெற்றிலை. மணைக்கு எதிர்ச் சுவர் வரை வெளிச்சம் எட்டவில்லை.

அவன் காலை உள்ளே வைத்தான். பின்னால் கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது.

"டேய், எதுக்குத் தாழ்ப்பாள்?"

"அது தப்பிச்சு வந்துடக் கூடாதுன்னுதான்," என்றது துரைக்கண்ணுவின் குரல். "ஒக்காரு."

உட்கார்ந்தான். மணை சில்லென்று இருந்தது. எதிர் இருட்டில் யாரோ மூச்சு விடுவது போல. இல்லை, தன் மூச்சுதான். நிறுத்திப் பார்த்தான். நின்றது. மறுபடி விட்டான். அதுவும் விட்டது. கொஞ்சம் தாமதமாக.

வியர்வை சந்தனத்தைக் கரைத்துக் கண்ணுக்குள் விட்டது.

சீக்கிரம் முடித்துவிட வேண்டும். அவள் கொல்லையில் இருக்கிறாள். பத்தடி தூரம். முடித்துவிட்டால் போய்ப் பார்த்துவிடலாம். குழம்பைச் சோற்றில் பிசைந்தான்.

"நான்தான் ஆதிகேசவன்," என்றான். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் வந்தது. "இது எனக்கு வெச்ச சோறு."

கவளத்தை வாயில் போட்டான். அவள் கைப்பக்குவம். உப்பு, புளி, எல்லாம் அவளேதான். ஒரு விம்மல் வந்தது. விழுங்கினான்.

"அப்ப சரி," என்றது இருட்டு.

அவனுடைய குரல். அவனுடைய அதே குரல்.

அகல் அணைந்தது. காற்றே இல்லை.

எழுந்திருக்கப் பார்த்தான். கால் எங்கே? தொடையைத் தடவினான். கை எதன் மேலும் படவில்லை. கோடித் துணியின் சரசரப்பு மட்டும் கேட்டது. அது அவன் மேலிருந்து கேட்கவில்லை. எதிரே, எழுந்து நிற்கிற ஒருவனின் இடுப்பிலிருந்து கேட்டது.

"சுலோ!" என்று கத்தினான். "சுலோ, நான்தான், கதவத் தொற!"

கதவுக்கு அந்தப் பக்கம் வளையல் சத்தம். அவள் கொல்லைக்கே போயிருக்கவில்லை. அவன் உள்ளே நுழைந்ததிலிருந்து கதவில் காது வைத்து உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

"தெரியும்," என்றாள். எவ்வளவு மெதுவாக, எவ்வளவு பிரியமாகப் பேசினாள்! "நீங்க வந்துட்டீங்கன்னு அண்ணன் சொன்னாரு. கொஞ்ச நேரம்தான். வலிக்காதாம்."

"சுலோ, நான் உன் புருசன்டி!"

"மூணு வருசமா நீங்க வரலையே." அழுகிறாள். "உசுரோட எங்கியோ இருந்துகினு ஒரு சேதி அனுப்பலையே. இவரு ஒரு அமாவாசை தவறலை. நான் சாப்ட்டனான்னு கேக்காத நாள் இல்ல. பாவம், ஒடம்புதான் இல்ல."

"கடுதாசி போட்டேனே! ஆறு கடுதாசி! துரைக்கண்ணு கிட்ட கேளு!"

வெளியே வளையல் சத்தம் கதவை விட்டு விலகியது.

"எந்தக் கடுதாசி? அண்ணா, இன்னா சொல்றாரு?"

"அது ஏதேதோ சொல்லும்மா," என்றான் துரைக்கண்ணு. "காதுல போட்டுக்காதே. ஒரு கடுதாசியும் வரலை."

டேய்.

பாவி.

கத்தினான். சத்தம் வரவில்லை. வாய் இருந்ததாகவே தெரியவில்லை. பக்கத்தில் ஒருவன் தொண்டையைச் செருமினான், புதுச் செருப்பைப் போட்டுப் பார்ப்பது போல ஒரு தரம், இரண்டு தரம். பிறகு தெளிவாக, பேட்டை வாசலில் நின்று கூப்பிட வேண்டும் என்று ஆதிகேசவன் அசாமிலிருந்து சுமந்துகொண்டு வந்த அதே கூப்பாட்டை அவன் கூப்பிட்டான்.

"சுலோ. வந்துட்டேம்மா. தொற."

தாழ்ப்பாள் நகர்ந்தது. கூடத்து விளக்கின் வெளிச்சம் உள்ளே விழுந்தது. மழித்த தலையும் கரையில்லாத வேட்டியுமாக அவன் வாசலைத் தாண்டி வெளியே நடந்தான். காலில் முகாமில் வந்த புண்ணின் தழும்பு. சுலோச்சனா அவன் மார்பைத் தொட்டாள், தோளைத் தொட்டாள், தொட முடிகிறதே என்று தொட்டுக்கொண்டே இருந்தாள். இளைத்துப் போயிருந்தாள். தலையில் நரை விழுந்திருந்தது. முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை ஆதிகேசவன் கல்யாணத்தன்று கூடப் பார்த்ததில்லை.

"பாவா," என்று புருஷனை எப்போதும் கூப்பிடுகிறபடியே கூப்பிட்டாள். "பாவா, ஒக்காருங்க. பசிக்குதா?"

"பசிக்குது," என்றான் அவன்.

வேறொரு இலையைப் போட்டாள். தன் கையாலேயே பிசைந்து, உருட்டி, அவன் வாய்க்குக் கொண்டு போனாள். அறைக்குள்ளிருந்து ஆதிகேசவனும் வாயைத் திறந்தான்.

துரைக்கண்ணு கதவில் கை வைத்து உள்ளே எட்டிப் பார்த்தான். காலி மணை, ஒரு கவளம் குறைந்த இலை. அவனுக்கு அவ்வளவுதான் தெரிந்திருக்க வேண்டும்.

"கதவ சாத்திடட்டுமாம்மா?"

"சாத்துங்கண்ணா," என்றாள் சுலோச்சனா, திரும்பிப் பார்க்காமல், அந்த வாயோரத்துப் பருக்கையை முந்தானையால் துடைத்துக்கொண்டே. "இனிமே அமாவாசைக்குத் தொறந்தா போதும்."

தாழ்ப்பாள் விழுந்தது. உள்ளே ஆதிகேசவனுக்குப் பசித்தது.